அவன் கண்ணை மூடும் இடம்

கிச்சனர், ஒன்டாரியோ, கனடா
செப்டம்பர் 4

மதிப்புக்குரிய பிரான்வின் அவர்களுக்கு,

என் பெயர் டெலியா மார்க்கெட்டி. ஊர் மெல்பர்ன், கோபர்க் பக்கம். வயது பத்தொன்பது. இதை எழுதுவதற்குள் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே டங்கனுடன் இப்போது ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு பனி நடனம் ஆடுவது நான்தான்.

நீங்கள் அவருக்குப் பதினோரு வருஷம் ஜோடியாக இருந்தவர். நான் ஐந்து மாதம். நீங்கள் இருந்த இடத்தில் நின்றுகொண்டு உங்களுக்கே கடிதம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனால் வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்பது வயதில், சிட்னியில் நடந்த தேசியப் போட்டியில் உங்கள் இருவரையும் பார்த்தேன். தடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்ற என்னை அம்மா, "வாயை மூடுடி, ஈ பூந்துடும்" என்றாள். அன்றைக்கே எனக்குத் தனியாக ஆடுகிற ஆசை போய்விட்டது. ஜோடியாகத்தான் ஆடுவேன் என்று வீட்டில் அழுது அடம்பிடித்தேன்.

கேள்வி இதுதான். எங்கள் நடனத்தின் கடைசிப் பகுதியில் அவர் என்னைத் தூக்கி மூன்று சுற்று சுற்றி இறக்க வேண்டும். மற்றதெல்லாம் நன்றாகத்தான் போகிறது. தூக்கப் போகும்போது மட்டும் அவர் கை இரும்பாகிவிடுகிறது. என் விலாவில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருக்கிறது. மூன்றாவது சுற்று முடிவதற்கு முன்பே, சூடான பாத்திரத்தை இறக்குவது போல டக்கென்று இறக்கிவிடுகிறார். எங்கள் கோச் மிஸஸ் பெட்ரி கத்துகிறார். டங்கன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

உங்களுக்கு எப்படி அடிபட்டது என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரை எடுத்தாலே அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். தயவுசெய்து சொல்லுங்கள். அவர் தூக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

மிகுந்த தயக்கத்துடன்,
டெலியா


சாண்ட்கேட், பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா
செப்டம்பர் 20

டெலியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் முகவரியை உனக்குக் கொடுத்தது யார் என்று கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லாதே, அந்த ஆளைத் திட்ட வேண்டி வரும்.

வாஷிங் மெஷின் வாங்கினால்கூட எப்படி ஓட்டுவது என்று ஒரு புத்தகம் தருவார்கள். டங்கனோடு அதெல்லாம் வராது. நான் ஒவ்வொன்றாக நானே கண்டுபிடித்தேன். நீயும் கண்டுபிடி.

இப்போது வாரத்தில் நாலு நாள், நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பனியரங்கில் விழாமல் நிற்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இடது இடுப்பில் மூன்று திருகாணி இருக்கிறது. மழை வரப்போவது எனக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். இதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடி எழுத வேண்டாம்.

பிரான்வின்

பி.கு. தூக்குவதற்கு முந்தின நாலு எண்ணிக்கைக்கு அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவன் காதுக்குக் கேட்கிற மாதிரி நீ மூச்சை விடு. அவனும் விட்டுவிடுவான், கை தளரும். இப்படி ஒரு பழக்கம் இருப்பது அவனுக்கே தெரியாது. சொல்லித் தொலைக்காதே.


கிச்சனர்
அக்டோபர் 5

அன்புள்ள பிரான்வின் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன், மன்னியுங்கள். மூச்சு! வேலை செய்துவிட்டது!

முதல் தடவையே அவர் கை பஞ்சாகிவிட்டது. மிஸஸ் பெட்ரி ஓடி வந்தார்.

"என்னடி பண்ணின? ரெண்டு மாசமா தொண்டை கிழியக் கத்தறேன், அசையாத கை!"

"ஒண்ணும் இல்லை. மூச்சு விட்டேன்."

"இத்தனை நாள் விடாமலா இருந்தே?"

டங்கன்கூடச் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. பயிற்சியை மிஸஸ் பெட்ரி வீடியோ எடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் திருப்பி ஓட்டச் சொன்னேன். தூக்கின நொடியிலிருந்து இறக்குகிற வரை டங்கன் கண்ணை மூடிக்கொள்கிறார். ஸ்கேட்ஸ் பிளேடு மேல் நின்று சுழன்றுகொண்டு, என்னையும் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறார்! மிஸஸ் பெட்ரி அந்த இடத்தையே நடனத்திலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார். எடுத்தால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு போட்டி. அங்கே முதல் பத்து ஜோடிக்குள் வந்தால்தான் மார்ச்சில் உலகப் போட்டிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து எங்களை அனுப்புவார்கள்.

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குப்பையில் போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தப்படுவேன்.

டெலியா


சாண்ட்கேட்
அக்டோபர் 29

டெலியா,

உன் கேசட் எங்கள் ஊர் மெஷினில் ஓடாது. கனடா கேசட் ஒரு விதம், இங்கே வேறு விதமாம். நான் சொல்லிக்கொடுக்கும் பனி ரிங்க்கின் மேனேஜர் வீட்டில் எல்லா நாட்டுக் கேசட்டையும் விழுங்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. கேட்டு வாங்கி வருவதற்கு மூன்று நாள் ஆயிற்று. மெஷின் கிடைக்காமல் இல்லை, எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

நன்றாக ஆடுகிறாய். கழுத்து அழகாக நிற்கிறது. இடது முட்டி சோம்பேறி, இன்னும் மடக்கு.

போன வருஷம் பிப்ரவரியில், உலகப் போட்டிக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தபோது, பயிற்சியில் விழுந்தேன். இதே போல ஒரு சுழற்சிதான். இரண்டாவது சுற்றில் நான் அவன் கையிலிருந்து கீழே போனேன், என் மேல் அவன் விழுந்தான். இடுப்பு எலும்பு உடைந்தது. முதல் நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு வரவில்லை. மே மாதம் கனடா போய்விட்டான். போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினோரு வருஷம், டெலியா. எனக்குச் சளி பிடித்தால் அவன் தும்முவான், அப்படி இருந்தோம். காதல் இல்லை, எல்லாரும் கேட்பார்கள், நீயும் கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். அதைவிட மோசம். ஒரே உடம்பு மாதிரி.

விழுந்ததற்காக எனக்குக் கோபமில்லை. போனதற்காக இருக்கிறது. இதை அவனிடம் சொல்லாதே.

அவன் கண்ணை மூடுவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பிரான்

பி.கு. இந்த 'நீங்கள்', 'அவர்களுக்கு' எல்லாம் வேண்டாம். எனக்கு இருபத்தெட்டுதான் ஆகிறது.


கிச்சனர்
நவம்பர் 25

அன்புள்ள பிரான்,

நீ. உனக்கு. உன்னை. எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

அவரிடம் சொல்லாதே என்றாயே, நான் காப்பாற்றவில்லை. நேற்று அவர் மறுபடி அரைச் சுற்று முன்னதாக இறக்கினார். என் முட்டி பனியில் இடித்தது. வலியில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"பிரானுக்கு அடிபட்ட அப்புறம் ஏன் பாக்கப் போகலை?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "யார் சொன்னா?"

"அவங்கதான். நாங்க லெட்டர் போட்டுக்கறோம்."

கையுறையைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அப்புறம் தடுப்பில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "என் கை நழுவிதான் அவ விழுந்தா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள போறது? ஆறு தடவை போனேன். கார் பார்க்கிங்ல உட்கார்ந்துட்டு, அவ ரூம் ஜன்னல் எதுன்னு எண்ணிட்டுத் திரும்பி வந்தேன். அவ அம்மா ஒருநாள் பாத்துட்டாங்க. வண்டியை எடுத்துட்டு ஓடிட்டேன்."

"போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?"

"எதுக்கு மன்னிப்பு? அவ இனிமே ஆடவே முடியாதுங்கறதுக்கா?"

அவரே தொடர்ந்தார். "ஜெர்மனி முடிஞ்சதும் நிறுத்திக்கறேன், டெலியா. நீ சின்னப் பொண்ணு. நல்ல ஆளா பாத்துக்க. உன் இடுப்பும் என்னால ஒடிய வேணாம்."

பிரான், எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டு மிஸஸ் வோஸ்னியாக், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்து முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு அழு, வெறும் வயித்துல அழாதே" என்றார். ஏழு சாப்பிட்டேன். அப்புறமும் அழுதேன்.

என் செலவுக்காக அம்மா கோபர்க்கில் இரண்டு வேலை பார்க்கிறாள் என்பதற்காக மட்டும் நான் அழவில்லை. எனக்கு அவருடன் ஆடுவது பிடித்திருக்கிறது. அவர் கேட்கிற இசை எனக்கும் கேட்கிறது. அப்படி இன்னொருவர் கிடைப்பாரா?

டெலியா


சாண்ட்கேட்
டிசம்பர் 9

டெலியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஞாபகமில்லை. வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில். வண்டியில் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு, ரிங்க் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு தடவை வந்தானாம். அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. நேற்று போனில் கேட்டேன். "நீ அப்ப இருந்த இருப்புக்கு, அவன் பேரைச் சொன்னா தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பே" என்றாள். எறிந்திருப்பேன்தான்.

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டங்கன் கை நழுவவில்லை.

அப்போது நான் ஒரு பேக்கரியில் காலை வேலை பார்த்தேன். விழுவதற்கு எட்டு நாள் முன்னால் மாவு மூட்டையைத் தூக்கும்போது வலது தோளில் என்னவோ பிசகிவிட்டது. அப்போதிலிருந்து அந்தக் கை திடீர் திடீரென்று மரத்துப்போகும். டாக்டரிடம் போனால் ஓய்வெடு என்பார். கோச்சிடம் சொன்னால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். டங்கனிடம் சொன்னால் என்னைத் தூக்க மாட்டான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினேன்.

சுழற்சியில் அவன் என்னைத் தாங்கினால் மட்டும் போதாது, நானும் அவன் தோளைப் பிடித்திருக்க வேண்டும், உனக்குத் தெரியும். இரண்டாவது சுற்றில் என் கை மரத்தது. பிடி விட்டுப்போனது. என் எடை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தால் யாரால் நிறுத்த முடியும்?

பனியில் கிடந்தபோது எல்லாரும் ஓடி வந்தார்கள். அவன் திரும்பத் திரும்ப, "என் கை நழுவிடுச்சு, என் கை நழுவிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்டது. வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதலில் வலியில் சொல்லவில்லை. அப்புறம், நாளைக்கு வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அவன் வரவில்லை. வராதவனுக்கு என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். போகப் போக, அது அவன் தப்பாகவே இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

உள்ளே ஒரு உறை ஒட்டி வைத்திருக்கிறேன். அவனுக்கு. போட்டிக்கு முன்னால் கொடுத்தால் அவன் உடைந்துபோகலாம். கொடுக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே உன்னைத் தூக்குவான். எனக்கு முடிவெடுக்கத் தைரியமில்லை. இத்தனை வயதுக்கு அப்புறம் உன் தலையில் கட்டுகிறேன், திட்டு.

பிரான்


ஓபர்ஸ்டார்ஃப், ஜெர்மனி
ஜனவரி 18

பிரான்,

திட்டுகிறேன். உன் உறையை ஐந்து நாள் என் ஸ்கேட்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பை அத்தனை கனத்தது. உன் மேல் எனக்கும் கோபம் வந்தது. என் விலாவில் இருந்த ஐந்து விரலும் உன்னால் வந்ததுதானே? மிஸஸ் வோஸ்னியாக்கின் கிறிஸ்துமஸ் விருந்தில் எனக்கு எதிரே டங்கன் உட்கார்ந்திருந்தார். பால் குவளையை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி வைத்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார், நான்தான் கவனித்ததில்லை. மறுநாள் கொடுத்துவிட்டேன்.

ரிங்க் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். இரண்டு தடவை. நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு வருஷம்" என்றார். "ரெண்டு வருஷமா ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட நான் ஒத்தக் கையால எடுத்ததில்லை, தெரியுமா உனக்கு? நான் கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கு. படுத்துக்கிட்டுக் கேட்டுட்டே இருந்திருக்கா!"

"அவங்களுக்கு வலி—"

"நீ அவளுக்காகப் பேசாதே!"

கடிதத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மிஸஸ் பெட்ரி ஜெர்மனிக்கு எழுதிக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கப்போவதாகச் சொன்னார். நான், "இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்" என்று கெஞ்சினேன்.

ஐந்தாம் நாள் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "மூணு சுத்து, முழுசா. உனக்கு எங்கயாவது வலிக்குதா? தோள், கை, முட்டி? உண்மையைச் சொல்லு" என்றார். வலிக்கவில்லை என்றேன். "சத்தியமா?" என்றார். "சத்தியமா."

தூக்கினார். நான் குனிந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது, பிரான். சாம்பல் நிறக் கண். ஒன்பது மாதத்தில் அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

இங்கே ஒன்பதாவதாக வந்தோம். ஒன்பதாவது! உலகப் போட்டிக்குப் போகிறோம்!

உனக்கு எழுதச் சொன்னேன். "எழுத மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னார். உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

டெலியா


சாண்ட்கேட்
பிப்ரவரி 2

டெலிக்குட்டி,

ஒன்பது! ரிங்க்கில் மைக்கை வாங்கி அறிவித்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவன் எழுதாதது சரிதான். அவனிடம் நான் பிடுங்கிக்கொண்டது இரண்டு வருஷம். நாலு வாரத்தில் திருப்பிக் கேட்டால் எப்படி? நீ இதில் தூது போக வேண்டாம். ஆடுவதை மட்டும் பார். அங்கே உன் முட்டியை யாராவது பாராட்டினால் எனக்கு எழுது.

பிரான்


பிராக்
மார்ச் 22

பிரான்,

எந்தப் பேப்பரிலும் வராது, அதனால் நானே சொல்கிறேன்.

முப்பத்தொரு ஜோடி. கடைசிச் சுற்றுக்கு இருபத்துநாலு ஜோடிதான் போக முடியும். நாங்கள் இருபத்துநாலாவது. பட்டியல் ஒட்டினபோது நான் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன், பெயர் வரவே இல்லை, டங்கன் கீழிருந்து படித்திருக்கிறார். "டெலியா, முதல் பேரே நாமதான்" என்றார், சிரித்துக்கொண்டு.

கடைசியில் இருப்பவர்கள்தான் முதலில் ஆட வேண்டும். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. ஒருவர் தொப்பியைக் கழற்றாமல் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பனி அப்போதுதான் போட்டது, ஒரு கீறல் இல்லை. எங்கள் கோடுதான் முதல் கோடு. தூக்கினபோது நான் மூச்சு விட மறந்துவிட்டேன். அவர்தான் என் காதில் சத்தமாக மூச்சை விட்டார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? நீ சொல்லவில்லையே? மூன்று சுற்று முடிந்ததும் இறக்கவில்லை. இசையில் இன்னும் இடம் இருந்தது. நாலாவதும் சுற்றிவிட்டுத்தான் இறக்கினார். மிஸஸ் பெட்ரி தலையில் கை வைத்துக்கொண்டார். ரொட்டிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

முடிவில் இருபத்துமூன்று. ஒரு ஜோடியைத் தாண்டிவிட்டோம். போனில் சொன்னதும் அம்மா தங்கப் பதக்கம் வாங்கின மாதிரி அழுதாள். ஒரு நடுவர் என்னிடம் வந்து, முட்டி நன்றாக மடங்குகிறது என்றார். கேட்டுக்கொள்.

அடுத்த வருஷமும் ஆடலாமா என்று அவரே என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நொடி யோசித்தேன்.

இன்னொரு விஷயம். நாளைக்கு எல்லாரும் கனடா திரும்புகிறோம். அவர் மட்டும் வரவில்லை. டிக்கெட்டை மேஜை மேல் வைத்திருந்தார், எட்டிப் பார்த்தேன். பிரிஸ்பேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா, தெரியாது.

டெலியா


சாண்ட்கேட்
ஏப்ரல் 2

டெலிக்குட்டி,

உன் கடிதம் பின்னால்தான் வந்தது. அவன் சனிக்கிழமையே வந்துவிட்டான்.

பிள்ளைகள் பதினோரு பேர், எல்லாம் விழாமலிருக்கத் தள்ளிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் பென்குயினைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் தடிமனான கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு ஒருத்தன் நின்றான். இளைத்திருக்கிறான். நீங்கள் அவனுக்குச் சோறு போடுவதில்லையா?

நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்வது என்று நாலு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவன்தான் கேட்டான்.

"எந்தத் தோள்?"

"வலது."

கையை நீட்டி என் வலது தோளைத் தொட்டான். உடைந்த சாமானைத் தொடுகிற மாதிரி.

"இப்ப வலிக்குதா?"

"இல்லை. அது ரெண்டே மாசத்துல சரியாயிடுச்சு."

"சொல்லியிருந்தா அன்னைக்கு உன்னைத் தூக்கியிருக்கவே மாட்டேன்."

"அதனாலதான் சொல்லலை."

"நீ ஒரு கழுதை, பிரான்."

"கார்லயே ஆறு தடவை உட்கார்ந்துட்டுப் போன கழுதை யாரு?"

சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அது அழுகையாகப் போய் முடிந்தது. தடுப்பு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நானும் அவன் தலை மேல் தலையை வைத்துக்கொண்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. இமோஜன் என்று ஒரு வாண்டு, பென்குயினைத் தள்ளிக்கொண்டு வந்து என் சட்டையை இழுத்தாள்.

"மிஸ், இந்த மாமா விழுந்துட்டாரா?"

"ஆமா, கண்ணு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"எழுந்திரிக்கச் சொல்லுங்க மிஸ். முதல்ல முட்டியை ஊனணும்."

அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் இன்னும் சொல்லவில்லை. நான் முயன்றேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டான். ஒரு வேளை அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கும். பிள்ளைகள் போனபின் வாடகை ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான், அவன் காலுக்கு ஒரு அளவு பெரிது. இரண்டு பேரும் ஒரு சுற்று போனோம். வெறுமனே கையைக் கோத்துக்கொண்டு, பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் போல. என் இடுப்பு அதற்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கை லேசாக இருந்தது. அதற்காக உனக்கு நன்றி.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க உன்னைப் பற்றித்தான் பேசினான். அடுத்த வருஷத்துக்கு ஒரு டாங்கோ நடனம் யோசித்து வைத்திருக்கிறானாம். நல்ல யோசனை. ஆனால் அவனுக்கு டாங்கோவில் இடுப்பு வராது, நான் உனக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது என் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருக்கிறான். ஒழுங்காக உரிக்கத் தெரியவில்லை, பாதிச் சதை ஓட்டோடு போகிறது. யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறான். வரிக் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னும் பத்து நாளில் உன்னிடம் திரும்பி வருவான். என் பங்குக்கு உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தோளோ, முட்டியோ, மனசோ, எது லேசாக வலித்தாலும் அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடு. போட்டி போனால் போகட்டும். அவன் திட்டினால் திட்டட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாதே.

அன்புடன்,
பிரான்